இருபதுக்கு இருபது

"நீங்க அவர் மணிக்கட்டை மட்டும் தாங்கிப் பிடிச்சுக்குங்கம்மா. அழுத்துறது அவராத்தான் இருக்கணும்" என்றாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்.

அம்மா பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பாவின் இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். மூளையில் ரத்தம் கட்டி ஆறு மாதமாகிறது. அன்றிலிருந்து அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. நாம் சொல்வது புரிகிறதா என்றும் தெரியவில்லை. இந்த ஒரு கை மட்டும் லேசாக அசையும், அதுவும் யாராவது தாங்கிப் பிடித்தால்தான்.

சுவரோரமாக நின்ற மகனின் சட்டைப் பையில் முதியோர் இல்லத்துக்கான படிவம் இருந்தது. பயிற்சி நிலையத்துக்குக் கீழே, அவரை அங்கே ஏற்றிப்போக வேன் காத்திருந்தது. எதுவுமே புரியாதவர் எங்கே படுத்திருந்தால் என்ன என்பது அவன் கட்சி. அவருக்கு எல்லாம் புரிகிறது, உள்ளேதான் இருக்கிறார் என்பது அம்மாவின் கட்சி. ஒரு மாதமாக வீட்டில் இதே வழக்குதான். கடைசியில், இன்றைய சோதனை என்ன சொல்கிறதோ அதற்கு இருவரும் கட்டுப்படுவதாகப் பேச்சு.

அப்பா ஓர் ஆங்கில அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் புரூஃப் ரீடராக இருந்தவர். அதனால் சோதனையும் ஆங்கிலத்தில்தான். வாக்கியம் சரியாக ஒலித்தால் பச்சைப் பொத்தான். காதில் உறுத்தினால் சிவப்பு.

"எ பிக் ரெட் பஸ்" என்று நிதானமாக வாசித்தாள் அந்தப் பெண். அப்பாவின் விரல் மெல்ல நகர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"எ ரெட் பிக் பஸ்."

விரல் சற்றுத் தயங்கி, சிவப்பை அழுத்தியது.

மகன் நிமிர்ந்து நின்றான். இரண்டிலும் அதே வார்த்தைகள், அதே பேருந்து. இரண்டாவது தப்பு என்று அவன் காதும் சொன்னது. ஏன் தப்பு என்று கேட்டால் அவன் முழிக்க வேண்டியதுதான். அளவு முன்னால் வரணும், நிறம் பின்னால் வரணும் என்று எந்த வாத்தியாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் அது எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. பேச்சே போன பிறகும் அது போகவில்லை என்பதுதான் அவனை அசத்தியது.

முதல் பத்தும் அட்சரசுத்தம். அடுத்த பத்து கஷ்டமானது என்றாள் அந்தப் பெண். 'தி', 'ஆன்' போன்ற சின்ன வார்த்தைகளைத் தவிர மற்ற எதற்கும் அர்த்தமே கிடையாதாம். எல்லாம் அவளே இட்டுக்கட்டியவை. அவை நிற்கும் வரிசை மட்டும் சில இடத்தில் சரி, சில இடத்தில் தப்பு.

அதிலும் விரல் பிசகவில்லை. சரியானதற்குப் பச்சை, உறுத்தியதற்குச் சிவப்பு.

மகனுக்கு அப்பாவின் மாலை நேரங்கள் ஞாபகம் வந்தன. புரூஃப் தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். உறுத்தும் இடத்தில் 'ச்சு' என்பார். பிறகு வார்த்தையை இடம் மாற்றி மாற்றிப் படித்து, சரியாக வந்ததும் "ஆங்" என்பார். பக்கத்தில் அம்மா தையல் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள் அவள். மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கும் மகனைத்தான் கேட்பாள். அப்பாவோ இவ்வளவு பெரிய மொழியை உள்ளே வைத்துக்கொண்டு ஊமையாகக் கிடக்கிறார். அவரை வேனில் ஏற்றி அனுப்பப் பார்த்தோமே என்று நினைத்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் மட்டும் ஏனோ பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்பாவின் கையையே பார்த்தாள். பிறகு இரண்டு ஹெட்போன்களை எடுத்துவந்து, வெளிச்சத்தம் கலக்காமல் இருக்கட்டும் என்று அப்பாவுக்கு ஒன்றும் அம்மாவுக்கு ஒன்றும் மாட்டிவிட்டாள். முன்பே பதிவு செய்துவைத்த இருபது வாக்கியம், கடைசிச் சுற்று.

இப்போது அறையில் சத்தமே இல்லை. விளக்குகள் மட்டும் மாறி மாறி எரிந்தன. பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கடவுளை வேண்டுவது போல உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் தாளில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள்.

"இருபதுக்கு இருபது" என்றாள் கடைசியில்.

மகன் மேஜைக்கு அருகில் வந்தான். "அப்பாவைப் பயிற்சியில சேர்த்துக்குவீங்கல்ல? எவ்வளவு நாளானாலும் நானே கூட்டிட்டு வரேன்."

அவள் மேஜையின் பக்கவாட்டைக் காட்டினாள். ஒரு ஹெட்போனின் வயர் ஒலிப்பெட்டியில் செருகியிருந்தது. இன்னொன்றின் முனை தரையில் கிடந்தது.

"அப்பாவோடதை நான் செருகவே இல்லை" என்றாள் தணிந்த குரலில். "கேட்டது அம்மா மட்டும்தான். அவர் கையை நகர்த்துறது தான்தான்னு அவங்களுக்கே தெரியாது."

அம்மா தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அப்பாவின் கடைவாயைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். "நான்தான் சொன்னேனேடா, உங்கப்பா உள்ளேதான் இருக்கார்னு."

காஜா எடுத்தபடியே அம்மா அத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்த அந்த 'ச்சு'வும் 'ஆங்'கும் மகனுக்கு ஞாபகம் வந்தன. "ஆமாம்மா, இருக்கார்" என்று அம்மாவையே பார்த்துச் சொன்னவன், வேனை வீட்டுக்கே விடச் சொல்லக் கீழே இறங்கினான்.