வேறு பானை

“ராத்திரி எங்கே போயிருந்தே?”

சாம்பல் போட்டுப் பானை விளக்கிக்கொண்டிருந்த அம்சம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“எங்கே போறது? உங்க பக்கத்துலதானே கெடந்தேன்.”

“பாயைக் கேக்கல. கனவைக் கேக்கறேன்.”

அவள் கை ஒரு கணம் நின்றது. “ஆத்து மணல்ல நடந்தோம்ல. மறந்துட்டீங்களா?”

நேற்று வைரக்கண்ணு கண்ட கனவில் ஆறே கிடையாது. நாகூர் கந்தூரி. வளையல் கடை. ‘யார் கைக்கு?’ என்று கடைக்காரர் கேட்டார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அம்சம் இல்லை.

எட்டு நாளாக இப்படித்தான். இன்றைக்குப் பொய் வேறு.

புது விதை வந்த பிறகு ஊருக்கே தெரிந்த சங்கதி இது. அந்த நெல்லை ஒரே பானையில் பொங்கித் தின்றவர்களுக்கு அன்று ராத்திரி ஒரே கனவு வரும். கனவுக்குள் ஒருவரையொருவர் பார்க்கலாம், பேசலாம். விதை கொடுத்த சர்க்கார் கிராம சேவக் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் ஆளைக் காணோம். பண்ணை வீட்டில் முதல் வாரமே அந்த அரிசியை நிறுத்திவிட்டார்கள். எசமானும் சமையல்காரரும் ஒரே கனவில் எதிரெதிரே நின்றால் யார் யாரைக் கும்பிடுவது? குறுவையில் விளைந்த அவ்வளவையும் கூலியாக அளந்து தள்ளிவிட்டார்கள்.

ஆவணியில் கல்யாணமான இவர்களுக்கு அது யோகமாகிவிட்டது. பகலில் ஆளுக்கொரு வயல். ராத்திரியானால் கோடியக்கரையில் கால் நனைய நின்று கடல் பார்த்தார்கள். விடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இப்போது அவன் மட்டும் தனியாகச் சுற்றுகிறான்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் ஜாடையாகக் கேட்டான்.

“ஏன்க்கா, கனவுல ஆள் வரலேன்னா என்ன அர்த்தம்?”

“வேற வீட்டுப் பானையில கை நனைக்கறாங்கன்னு அர்த்தம்.” முறத்தைத் தட்டிவிட்டுக் கேட்டாள். “யாரு தம்பி வரல? அம்சமா?”

“சும்மா கேட்டேன்.”

“எங்க வீட்டு ஆளு கனவுலயும் வந்து வெத்தலை கேக்குது. வராம இருந்தாத் தேவலை.”

வேறு வீடு என்றதும் அவன் நினைப்பு செல்லதுரையிடம் போய் நின்றது. விவசாயக் கூலிச் சங்கத்துக் காரியதரிசி, தனிக்கட்டை. மூன்று நாளைக்கு முன்னால் அவன் வீட்டுப் பின்பக்கமிருந்து அம்சம் முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்ததை வைரக்கண்ணு பார்த்திருந்தான். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

செல்லதுரை சங்கக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். தை அறுப்புக்குக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஒன்றரை மாதமாக யாரும் வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தால் வரப்பிலேயே மறிக்கிற கூட்டத்தில் வைரக்கண்ணுதான் முதல் ஆள்.

“நேத்து உனக்கு என்ன கனவு?” என்று வைரக்கண்ணு கேட்டான்.

“தனியாப் பொங்கித் தின்னவனுக்குக் கனவும் தனிதான். இப்ப அதுவும் இல்ல, அரிசி தீந்து போச்சு. சங்கத்துக் கஞ்சித் தொட்டியை மூடி எட்டு நாளாச்சு. புது சர்க்காரோட ரூபாய்க்குப் படி அரிசி மெட்ராசைத் தாண்டி வரல. வெள்ளிக்கிழமை தாசில்தார் பேசக் கூப்பிட்டிருக்காரு. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கணும்.”

“நாகூர் போனியா?”

“எப்ப?”

“கனவுல.”

செல்லதுரை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பார்வை வைரக்கண்ணுவுக்குப் பிடிக்கவில்லை.

உச்சிப் பொழுதில் வீட்டுக்கு வந்தான். அம்சம் வட்டில் நிறையச் சோறு போட்டாள். சொம்பில் வடிகஞ்சி வைத்தாள். கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரை சரிந்து ஓடியது.

“நீ திங்கல?”

“நீங்க தின்னுட்டுப் போங்க. நான் அப்புறம்.”

தினமும் இதே பேச்சுத்தான். அவள் சாப்பிட்டு அவன் கண்ணால் பார்த்ததில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

“மூடி வை. வந்து திங்கறேன்.”

தெருவில் இறங்கி, வேலியைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தான். அம்சம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னக் கலயம். அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

வேறு பானைதான்.

“யார் வீட்டுச் சோறு இது?”

அவள் மறைப்பதற்குள் பிடுங்கிவிட்டான்.

வாய்க்கால் கீரை. நாலு நத்தை. உப்புத் தண்ணீர். சோறு ஒரு பருக்கை இல்லை. செல்லதுரை வீட்டுக்குப் பின்னால் ஓடுவது வாய்க்கால்தான்.

உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தான். காலி. நெல் வைத்திருந்த அடுக்குப் பானைக்குள் கையை விட்டான். விரல் அடியில் போய்த் தட்டியது.

“எட்டு நாளாவா?”

“ஒருத்தருக்குத்தான் காணுது. நீங்க வரப்புல நிக்கிற ஆளு.”

“வாயைத் தொறந்து சொன்னா என்ன?”

“சொன்னா நீங்க தின்னுருப்பீங்களா?”

மூடி வைத்த வட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“தின்னு.”

“நீங்க?”

“சங்கத்துல கஞ்சி ஊத்தினாங்க. செல்லதுரை ரெண்டு அகப்பை கூடவே ஊத்தினான். வயிறு முட்டிக் கெடக்கு.”

அவள் நம்பாமல் பார்த்தாள். கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் எழுந்திருக்கவில்லை. வடிகஞ்சியையும் குடிக்கவைத்தான்.

மறுநாள் காலை, பானையைக் கையில் பிடித்தபடி அம்சம் அவன் தலைமாட்டில் வந்து நின்றாள்.

“வளையக் கடையில எவ்வளவு நேரம் தனியா நின்னேன் தெரியுமா? ராத்திரி நீங்க எங்கே போயிருந்தீங்க?”

வைரக்கண்ணு எழுந்து பாயைச் சுருட்டினான்.

“எங்கே போறது? உன் பக்கத்துலதானே கெடந்தேன்.”