வாங்காத கை

கமலவேணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வாசலில் எதிர்வீட்டுச் சிவகாமி நின்றிருந்தாள். கையில் எனாமல் தட்டு. அதன் மேல் வாழையிலை மூடியிருந்தது.

காஜா பேராங் பகுதியின் அந்தச் சந்தில் குடியிருக்கும் சிவகாமி, பல தலைமுறைக்கு முன்னே மலாய் மண்ணில் குடியேறிய தமிழர் வழிவந்த சிட்டி சமூகத்துப் பெண். நெற்றியில் திருநீறு உண்டு, கழுத்தில் தாலி உண்டு, வாயில் தமிழ் மட்டும் கிடையாது. எல்லாம் மலாய்தான்.

நாலரை மாதமாகக் கமலவேணி அவள் வீட்டுக்குத் தினமும் போய்வருகிறாள்.

மெர்டேக்கா விளக்கு அலங்காரம் பார்க்கப் போன சிவகாமி, நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அன்றே சாக்கடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் வேறு ஆள் இல்லை.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், ஆண்டவர் பெயரால் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தாலும் ஊழியம்தான் என்று கமலவேணியின் சபை மாதர் சங்கத்தில் அந்த வாரம் பேசினார்கள். மற்றப் பெண்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கமலவேணி குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

தண்ணீரோடு விட்டாளா? கஞ்சியை ஊதி ஆற்றி ஊட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டாள். நகம் வெட்டினாள். வெந்நீரில் துணி நனைத்து முகம் துடைத்தாள்.

முறிந்தது கால், கை நன்றாகத்தானே இருக்கிறது, முப்பது வயதுக்காரிக்கு ஊட்டுவானேன் என்று சந்தே சிரித்தது. சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. பேசாமல் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

ஆனால் பதிலுக்கு ஏதாவது கொடுக்காமல் அவளுக்கு மனம் ஆறவில்லை. ஒருநாள் இரண்டு முட்டை, ஒருநாள் கொல்லையில் காய்த்த கத்திரிக்காய். கமலவேணி எதையும் தொட மாட்டாள். கொடுத்ததற்குக் கூலி வாங்கினால் அது என்ன ஊழியம் என்பாள். கால் முறிந்தவள் சிவகாமி, ஒற்றைக் காலில் நின்றவள் கமலவேணி.

இப்போது சிவகாமியின் கால் கூடிவிட்டது. தாங்கித் தாங்கி நடந்து, சந்தின் குறுக்கே கடந்து முதல் முறையாக இந்த வாசலுக்கு வந்திருக்கிறாள்.

அதுவும் போகியன்று.

போகிக்குச் சிட்டி வீடுகளில் பார்ச்சு. இறந்துபோனவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை போட்டுப் படைப்பார்கள். சாம்பிராணி காட்டிவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே காத்திருப்பார்கள். போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போனபிறகுதான் இருப்பவர்களுக்குச் சோறு.

அந்தச் சாம்பிராணி வாசம் தட்டிலிருந்து வந்தது.

ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்து உள்ளே உட்கார்ந்திருந்த மாதர் சங்கத் தலைவி ருக்மணியின் மூக்கு அதைச் சட்டென்று பிடித்துவிட்டது.

"வேணி, அதத் தொடாத! செத்தவங்களுக்குப் படைச்சது. வாங்குனீன்னா ஞாயித்துக்கெழம திருவிருந்துக்கு ஒன்னைச் சேக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்."

ருக்மணி சும்மா மிரட்டுகிறவள் அல்ல. சொன்னால் செய்துவிட்டுத்தான் தூங்குவாள்.

திருவிருந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமையைக் கமலவேணியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு துண்டு அப்பத்தை நம்பித்தான் அவள் சில மாதங்களாக வாரத்தின் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

தட்டைத் திருப்பி அனுப்பினால் சிவகாமி இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அதுவும் தெரிந்தது. அந்த வீட்டுக்குப் போகாத காலைப் பொழுதை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

கமலவேணி மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

தட்டு நகரவில்லை. நாலரை மாதமாகத் தோற்றவள் இன்று தோற்பதற்கு வரவில்லை. கூடிய காலை அழுத்தி ஊன்றி, தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"இனி ஜெயா பூஞா," என்றாள் சிவகாமி.

இது ஜெயாவுடையது.

உள்ளே உட்கார்ந்திருந்த ருக்மணி எழுந்து நின்றாள்.

ஜெயா கமலவேணியின் மகள். போன ஜூலையில் தொண்டை அடைப்பான் வந்து, மூன்றே நாளில் போனாள். ஐந்து வயது.

ஆண்டவரிடம் இருக்கிறாள், அழுவது அவிசுவாசம் என்றார்கள் சபையார். புருஷன் தேவதாஸ் பாவாடை சட்டைகளைக் கட்டி எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அந்தப் பெயரை யாரும் அவள் காதுபடச் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

எதிர்வீட்டில் மாமனார், மாமியார், அப்பா என்று போட்ட வரிசையின் கடைசியில் இன்று ஓர் இலை அவள் பிள்ளைக்கு விழுந்திருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் எப்போது முன்னால் வந்தன என்று கமலவேணிக்கே தெரியாது.

வாங்கி, மூடியிருந்த இலையை விலக்கினாள். தேங்காய்ப்பால் சோறு, பொரித்த நெத்திலி, அரை முட்டை. சம்பல் இல்லை. சின்னப் பிள்ளைக்கு என்பதால் காரமே வைக்கவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடி, சாப்பாட்டு ஜெபத்தை ருக்மணிக்கும் கேட்கும்படி ஆமென் வரை சொன்னாள்.

பிறகு அழுதுகொண்டே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், மகளுடைய சோற்றைச் சாப்பிட்டாள்.