ஓரத்து வெளிச்சம்

"மூஞ்சியில வெளிச்சமே வேணாம் சார். பின்னாடி லைட்டைப் போட்டு, தலையும் காதும் தோளும் ஓரமா மின்னினாப் போதும்," என்றாள் அந்தப் பெண்.

"ஊர்ல இருக்கிற ஸ்டுடியோ எல்லாம் ஏறி இறங்கியாச்சு," என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அலுத்துக்கொண்டார். "எல்லாரும் மூஞ்சிக்கு வெளிச்சம் அடிச்சே கெடுத்துட்டாங்க."

காலையிலிருந்து பாஸ்போர்ட் படமாக எடுத்து முதுகு ஒடிந்திருந்தது போட்டோக்காரருக்கு. "ஏம்மா, வீட்டுக்காரர் மூஞ்சி பிடிக்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"



"விஷயத்தைச் சொல்லிடுங்க அண்ணி," என்றார் ஸ்டூல்காரர்.

போட்டோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவரு என் வீட்டுக்காரரோட தம்பி சார். அவரு கேமராவைக் கண்டாலே ஓடுவாரு. ஒரு படம்கூட இல்லாமப் போய்ச் சேர்ந்துட்டாரு. ஓரமெல்லாம் இவரும் அச்சு அசல் அவரேதான். மூக்குதான் மாமியார் மூக்கு."

போட்டோக்காரர் முன்விளக்கை அணைத்தார். பின்விளக்கில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். இருட்டு முகத்தைச் சுற்றி வெள்ளிக்கோடு ஓடியது. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அவரேதான்! சிரிக்கிறாரு பாருங்க!"

பொத்தானை அழுத்திய நேரத்தில் கொழுந்தன் கொட்டாவி விட்டதைப் போட்டோக்காரர் கடைசிவரை சொல்லவில்லை.