கவுன்சிலர் வீட்டுக் குழாய்

காலனிக் குழாயில் தண்ணீர் வந்தால்தான் கவுன்சிலர் வீட்டுக் குழாயிலும் வரும் என்று சட்டம் வந்த அன்று, காலனியில் குடியிருக்கும் அஞ்சுகம் தன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். இப்போது இரண்டு குழாயும் காய்ந்து கிடந்தன. காலனிக்கு வந்த தண்ணீர் லாரியின் முன்னால், இந்தத் தெருவில் ஒருநாளும் கால் வைக்காத கவுன்சிலர் மனைவி குடத்தோடு வரிசையில் நின்றாள்.

"கவுன்சிலரு எங்கம்மா?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"டவுன்ல லாட்ஜுல தங்கிட்டாரு. மாமியார் வேற படுக்கையில கெடக்காங்க."

திட்டுவதா, வழி விடுவதா என்று அஞ்சுகத்துக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அவளை முன்னால் விட்டாள்.

"அவருக்கு வலிக்கணும்னுதானேடி சட்டம் கேட்டோம்," என்றாள், பின்னால் நின்றவளிடம். "குடம் எப்படி இந்தம்மா இடுப்புக்கு வந்துச்சு?"