ஒரே மீசை, மூன்று டிவி

பரமசிவம் சவரக் கத்தியை மீசைக்கருகே கொண்டுபோய் மறுபடி இறக்கினார். "மனசு வரல தம்பி. இருபத்திரண்டு வருஷமா கூடவே இருக்கு லா," என்றார்.

"கலைன்னா பலி கேக்கும்ணே, வெட்டுங்க!" என்றான் டைரக்டர் சூசைநாதன். போகப்போவது அவன் மீசை இல்லையே, வாய் தாராளமாக வந்தது.

சிங்கப்பூர் தேக்காவில் தையல் கடை வைத்திருந்த பரமசிவம்தான் இந்த வீடியோ படத்துக்கு முதல் போட்டவர். அதனால் கதாநாயகனும் அவரே. மகள் ஓடிப்போன அவமானத்தில் அப்பா மீசையை மழிக்கும் காட்சி. இருப்பது ஒரே மீசை என்பதால் ஒரே டேக்தான்.

டேப் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. இரைச்சல் கேட்கக் கூடாதென்று, காமிரா பிடிப்பதைப் பதிவு செய்யும் டேப் பெட்டியை மேசைக்கடியில் வைத்துக் கம்பளியால் மூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஃபோட்டோ எடுக்க வந்து நின்றார்.

சூசைநாதனுக்கு உச்சி குளிர்ந்தது. தன் முன்னால் இருந்த இரண்டு வாடகை டிவிகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "ரெண்டுதானான்னு கேவலமா எழுதிடுவாங்க. மூணாவதையும் சுவத்துல மாட்டு, தாவூது!"

சேக் தாவூது அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த எலக்ட்ரீஷியன். ஸ்டூலில் ஏறி, இரும்புப் பட்டையில் டிவியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து தலையைச் சொறிந்தான். காமிரா பேட்டரியில் ஓடியது. மற்றதெல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் கட்டையில் தொங்கின.

"பிளக் போட இடமில்ல சார். ஒண்ணைப் பிடுங்கினாத்தான் இதை மாட்டலாம்."

"லைட்டைத் தொடாதே, டிவியைத் தொடாதே. வேற எதையாவது பிடுங்கு. சும்மா சும்மா என்னைக் கேக்காதே லா!"

மூன்று டிவியிலும் பரமசிவம் தெரிந்தார். சூசைநாதன் மோவாயில் கைவைத்து மேதை மாதிரி உட்கார, பத்திரிகைக்காரர் ஃப்ளாஷ் அடித்தார்.

"ஆக்‌ஷன்!"

கத்தி இறங்கியது. மேசை ஃபேன் காற்றில் மிச்சப் பாதி மீசை படபடக்க, பரமசிவம் நடிக்காமலே அழுதார். ஓரமாக நின்ற அவர் மனைவி முத்தாயியால் அந்தக் கோலத்தைப் பார்க்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கட்!" சூசைநாதன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, இந்த அழுகைக்கு அவார்ட் நிச்சயம்!"

பரமசிவம் மொழுமொழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சிராங்கூன் ரோட்டுல நடப்பேன்? அந்த அழுகையாவது மிச்சம். போட்டுக் காட்டச் சொல்லுங்க தம்பி."

"தாவூது, டேப்பைப் பின்னால சுத்திப் போடு!"

தாவூது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஃபேனைப் பிடுங்கினா அண்ணனுக்கு வேர்க்கும்னு, டேப் பெட்டியைப் பிடுங்கிட்டேன் சார்."