பன்னிரண்டு மணி

கோட்டாற்றுக் கோயிலில் உச்சிமணி அடித்தபோது சூசை பள்ளிக்கூட ஆபீசில் கைகட்டி நின்றிருந்தான்.

இந்த மணிக்குத்தான் பயந்துகொண்டிருந்தான். கோயில்மணி கேட்டால் எந்த வேலையையும் நிறுத்திவிட்டு நெற்றியில் சிலுவை போடுவது அவர்கள் சேரியில் பால்குடியிலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கம். ஒரு வாரமாக மகள் சலேத்துக்குப் பாடம் நடந்தது. மணி அடித்தால் இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அரிசனப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கிடையாது. அதே குடியில் பிறந்து கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த பிள்ளை கட்டியாக வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றியதும் சாதி போய்விட்டதாம். சாயாக்கடைக்காரனுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. சூசைக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றுகிறான்.

நெல்லைக் கூலியாக வாங்குகிறவன் சம்பளத்துக்கு எங்கே போவான்? அதனால் இன்றைக்கு அவன் பொன்னுலிங்கம். மகள் செல்லக்கனி.

மகள் பாவாடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கெட்டிக்காரி.

சூசையின் வலக்கைதான் நெற்றிக்குப் போய்விட்டது.

பாதியில் சுதாரித்து, வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீ வேதக்காரனா என்று கேட்டார்.

இன்றைக்கு விட்டால் நாளைக்கு மகளும் வயலில்தான் நிற்க வேண்டும்.

“இல்ல ஏமானே. நாங்க வேதக்கோயில் வாசல மிதிச்சவங்க இல்ல. மாடன்மேல சத்தியம்.”

மகள் திரும்பி அப்பனைப் பார்த்தாள்.

கிளார்க்கும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். இடம் கிடைத்துவிட்டது.

சூசைக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரியிடம் உடனே சொல்லியாக வேண்டும். மகளைப் படிக்க வைக்கத் துடித்தவள் அவள்தான். ஊர் போய்ச் சேரும்போது அந்தி சாய்ந்துவிட்டது. வீட்டுக்குக்கூடப் போகாமல் ஊர்க் கோயிலின் பின்பக்கம் மகளை இழுத்துக்கொண்டு நடந்தான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சலேத் நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. உதறிவிட்டுப் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆராவது பாத்தா, ஆருக்க கல்லறைன்னு கேப்பாவ. நான் அம்மைய ஆருன்னு சொல்லணும்ப்பா?”

தலைக்கு மேலே அந்திமணி அடித்தது.

சூசைக்குக் கை எழும்பவில்லை.