கணக்கெடுக்க வந்தவர்

இருட்டிய பிறகு கதவை யாரோ பிறாண்டும் சத்தம் கேட்டதும், ஜெசிந்தா எலி தன் குஞ்சுகளை வாலால் வளைத்து அணைத்துக்கொண்டாள். அது அரசாங்கம் கொடுத்த இலவச வீடு. வாசல் பூனைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். தாழ்ப்பாளை வேறு வெளிப்பக்கம் பொருத்தியிருந்தார்கள். உள்ளே ஒரு கல்லை முட்டுக் கொடுத்துத்தான் தூங்குவாள்.

"பயப்படாதீங்கம்மா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு" என்றது வெளியே ஒரு குரல்.

ஜெசிந்தாவுக்குப் பயம் போய்விட்டது. கான்வென்ட் அலமாரியில் வளர்ந்தவள் ஆயிற்றே. கேள்வி என்று வந்துவிட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்லியே தீருவாள்.

"வீட்ல எத்தனை பேர்?"

"நானும் என் எட்டுக் குழந்தைகளும் இருக்கிறோம், சார்."

"எட்டா? அப்புறம் நாடு எப்படிம்மா முன்னேறும்?"

"மன்னிக்க வேண்டும், சார்." வெட்கத்தில் அவள் காது சிவந்தது.

"வீட்டுக்காரர்?"

"கப்பலேறி வெளிநாடு போயிருக்கிறார், சார். மாதாமாதம் ரொட்டித்துண்டு அனுப்புகிறார்."

"அப்போ துணைக்கு ஆளில்லை."

"ஒருவரும் இல்லை, சார்."

கடைக்குட்டி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது. "அம்மா, சார் மீசையை நக்குறாரு."

"பெரியவங்களைக் கிண்டல் பண்ணக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"குறை ஏதாவது உண்டாம்மா?"

"தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது, சார். மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்துவிட்டேன்."

"அடடா, இப்பவே மாத்திடலாம். கதவைத் திறங்க."

அரசாங்கத்தில் இப்படியும் ஒருவரா என்று அவளுக்குக் கண் கலங்கியது. கல்லை அவளே உருட்டித் தள்ளினாள்.

வந்தவர் சொன்ன சொல் தவறவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் பொருத்தினார். சரியாக விழுகிறதா என்று போட்டும் பார்த்தார்.